600 அடி உயரத்தில் என் இடது கால்

ஆனி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இருசக்கர வாகனத்தில் போயிருப்பவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாலை நேராகக் கிடந்தாலும் வண்டியைச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருக்கும். எதிரே வரும் லாரி ஒரு நொடி காற்றை மறைத்துவிட்டு விலகும்போது, நாம் நினைப்பதற்கு முன்பே கைகள் தாமாக வண்டியைத் திருத்திக்கொள்ளும். நாகர்கோவிலில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் திருத்தம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது. அப்படித் தாமாக வந்துவிடும் திருத்தங்கள் எல்லா இடத்திலும் நம்மைக் காப்பாற்றுவதில்லை என்பதை நான் பயிற்சி விமானத்தில்தான் அறிந்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தும் எழுதாமல் இருந்தேன். சென்ற வாரம் முப்பந்தலில் என் மாமா சொன்ன ஒரு வாக்கியம் என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

மாமா இருபது ஆண்டுகளுக்கு மேல் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறிய விமானம் ஒன்று விழுந்த செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, “ஸ்டால் ஆயிட்டுன்னு போட்டிருக்கான். என்ஜின் நின்னு போச்சுன்னு அர்த்தமா மக்ளே?” என்று கேட்டார். இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மோட்டார் வாகனம் ஓடாமல் நின்றுபோவதற்கும் இதே ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்துவதால் வந்த குழப்பம் இது. நான் வழக்கமாகச் சொல்லும் விடையைச் சொன்னேன். என்ஜின் முழு வலுவோடு ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஸ்டால் நேரலாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு எல்லையைத் தாண்டினால், மேற்பரப்பை ஒட்டி வழுக்கிச் செல்ல வேண்டிய காற்று அதைவிட்டுப் பிய்ந்து சுழலத் தொடங்கும், தூக்குவிசை சரிந்துவிடும் என்றேன். மாமா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “அப்போ நம்ம பழைய காத்தாடி செய்யதும் அதுதானே. காத்து கூடக்கூடத்தான் அது ஸ்டால் ஆவும்” என்றார்.

அவர் சொன்னது முழுவதும் சரி. பழைய காற்றாலைகளில் பலவற்றின் இறக்கைகள் நடுவிலுள்ள குடத்தில் ஒரே கோணத்தில் இறுகப் பொருத்தப்பட்டவை. புதியவற்றைப் போலத் தம் அச்சில் திரும்பிக் கோணத்தை மாற்றிக்கொள்ள அவற்றால் முடியாது. மின்கட்டமைப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால் அவை சுழலும் வேகமும் ஏறக்குறைய மாறுவதில்லை. சுழற்சி மாறாமலிருக்க, எதிர்க்காற்று மட்டும் வலுக்கும்போது இறக்கையின் மீது காற்று வந்து சேரும் கோணம் கூடிக்கொண்டே போகிறது. ஓர் அளவுக்கு மேல் காற்று இறக்கையைவிட்டு விலகுகிறது. மின்னாக்கியின் மேல் தாங்க முடியாத சுமை ஏறாமல் தடுக்கப்படுகிறது. எந்த மோட்டாரும் எந்தக் கருவியும் இதற்குத் தேவையில்லை. நாங்கள் விமானத்தில் அஞ்சித் தவிர்க்கும் ஒன்றை, முப்பந்தல் வெளியில் வேண்டுமென்றே வடிவமைத்து, தினமும் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது இந்தப் பொறியியல் அன்று. “காத்து கூடக்கூட” என்ற சொற்கள்தாம். ஸ்டால் என்பது மெதுவாகப் பறப்பதால் வரும் கேடு என்றுதான் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் மனத்துக்குள் எழுதிக்கொள்கிறோம். தேர்வில் கேட்டால் கோணம் என்று எழுதுவோம். கையும் காலும் வேகம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். காற்றாலையில் பணியாற்றிய என் மாமாவுக்கு அந்தப் பிழையான நம்பிக்கை ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு இருந்தது. அது 600 அடி உயரத்தில் என் இடது காலில் இருந்தது.

என் கைகளுக்குத் தெரிந்த ஸ்டால்

நான் பயின்றது செஸ்னா 152 விமானத்தில். இருவர் தோளோடு தோள் உரச அமரும் அந்தச் சிறு விமானத்தில்தான் உலகெங்கும் எத்தனையோ பேர் முதன்முதலில் தரையைவிட்டு எழும்பியிருக்கிறார்கள். அதன் இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. இறக்கை ஸ்டாலை நெருங்கும்போது அந்தத் துளையருகே அழுத்தம் குறைந்து, காற்று உள்ளிருந்து உறிஞ்சப்படும். அந்த உறிஞ்சலில் ஒரு நாக்கு அதிர்ந்து முனகும். மின்சாரம் வேண்டாத எச்சரிக்கை ஹாரன் இது. பறப்பதற்கு முன் அதைச் சோதிக்க, கைக்குட்டையைத் துளைமேல் வைத்து வாயால் உறிஞ்சிப் பார்ப்போம். ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கி.மீ.) வேகம் மிச்சமிருக்கும்போதே அது முனகத் தொடங்கிவிடும்.

ஸ்டால் பயிற்சி எப்படி நடக்கும் என்பது பயிற்சி பெற்ற அனைவருக்கும் தெரியும். போதிய உயரத்துக்கு ஏறி, சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பார்த்து, நேராகவும் மட்டமாகவும் பறந்துகொண்டே என்ஜின் விசையைக் குறைப்போம். உயரம் இழக்காமலிருக்க யோக்கை, அதாவது விமானத்தின் கைப்பிடிச் சக்கரத்தை, மெல்ல மெல்ல நம்மை நோக்கி இழுப்போம். மூக்கு உயரும், வேகமானியின் முள் பச்சை வளைவு தொடங்கும் 40 நாட்டை நோக்கி இறங்கும், ஹாரன் முனகும், பிறகு இருக்கைக்கு அடியில் கற்சாலையில் வண்டி ஓடுவது போன்ற ஒரு நடுக்கம் வரும். மூக்கு தலையசைப்பதுபோல் தாழும். இழுப்பைத் தளர்த்தி, விசையைக் கூட்டினால் விமானம் மீண்டும் பறக்கத் தொடங்கிவிடும். செஸ்னாவின் இறக்கை அடியிலிருந்து நுனிக்குச் சற்று முறுக்கி அமைக்கப்பட்டிருப்பதால், உடற்பகுதியை ஒட்டிய பகுதி முதலில் ஸ்டால் ஆகும். நுனிப்பகுதி இன்னும் பறந்துகொண்டிருக்கும். அதனால் அங்கிருக்கும் எய்லெரான்கள், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் தகடுகள், கடைசிவரை ஓரளவு சொன்னபடி கேட்கும். இவ்வளவு பொறுமையான இறக்கையை வைத்துக்கொண்டு நான் இருபது முப்பது முறை ஸ்டால் செய்தேன். எனக்கு ஸ்டால் தெரியும் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு வகை ஸ்டால்: மூக்கு வானத்தைப் பார்க்க, இறக்கைகள் மட்டமாக இருக்க, ஹாரன் நெடுநேரம் முனகி, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே வருவது. போதிய உயரம் இருந்தால் அப்படி வரும் ஸ்டாலிலிருந்து மீள நேரம் கிடைக்கும். தரையிறங்கும் நேரத்தில், திருப்பத்தில் வருவது உயிரைக் குடிக்கக்கூடியது. அதில் மூக்கு வானத்தைப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் அடிவானத்துக்குக் கீழே, ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்லைப்போல் நின்ற பெடல்

தனியாகப் பறக்க அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய நாட்கள் அவை. இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி, ஓடுபாதையைச் செவ்வக வடிவில் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அன்று காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வீசியது. செவ்வகத்தின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், அதாவது பேஸ் என்று நாங்கள் சொல்லும் பகுதியில், அது எனக்குப் பின்காற்றாக அமைந்து என்னை விரைவாகத் தள்ளிக்கொண்டு போனது. ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பக்கத்துக்கு, திரும்ப வேண்டிய இடத்தை உணர்வதற்குள் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டத் தொடங்கிவிட்டேன். தரையிலிருந்து 600 அடி உயரம்.

அப்போது என் உடல் செய்ததை நான் பிறகு எத்தனையோ முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கூடுதலாகச் சாய்த்துத் திருப்பியிருக்கலாம். ஆனால் தாழ்வான உயரத்தில் 30 பாகைக்கு மேல் சாய்க்காதே என்ற அறிவுரை தலைக்குள் நின்றது. சாய்க்கவும் கூடாது, கோட்டைத் தாண்டவும் கூடாது என்றால் மிச்சமிருப்பது கால் மட்டுமே. ரட்டர் என்னும் வால் சுக்கானைத் திருப்பும் இடது பெடலை அழுத்தினேன். மூக்கு ஓடுபாதையை நோக்கி இழுபட்டது. மூக்கு அப்படி வலிந்து திரும்பும்போது வெளிப்பக்க இறக்கை வேகமாக நகர்ந்து உயர்வதால், சாய்வு தானாகவே கூடும். அதைத் தடுக்க என் கை யோக்கை வலப்பக்கம் திருப்பியது. மூக்கு தாழ்ந்தது, தரை நெருங்குவதாகத் தோன்றவே கை பின்னுக்கும் இழுத்தது. கால் ஒரு பக்கம், கை மறுபக்கம், அதோடு ஓர் இழுப்பு. மூன்றையும் நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆரல்வாய்மொழியில் வண்டி ஓட்டும் கைகள் திருத்திக்கொள்வதுபோல, ஒவ்வொன்றும் மற்றொன்றைத் திருத்திக்கொண்டது.

திடீரென்று என் இடது பெடல் கல்லைப்போல் நின்றது. பிறகு என் பாதத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு மெல்லப் பின்வாங்கியது. வலப்பக்கம் அமர்ந்திருந்த பயிற்றுநர் தன் வலது பெடலை அழுத்தியிருந்தார். என் கையை விலக்கி யோக்கை முன்னுக்குத் தளர்த்தினார். முழு விசை கொடுத்தார். நாங்கள் இறங்காமல் மேலேறிப் போனோம். அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. விமானம் குலுங்கவில்லை, எதுவும் நிகழவில்லை. கீழே இருந்து பார்த்தவர்களுக்கு இறங்க மனமில்லாமல் எழும்பிய ஒரு பயிற்சி விமானம் மட்டுமே தெரிந்திருக்கும். அந்தப் பெடல் பின்வாங்கிய உணர்வு மட்டும் இன்றுவரை என் உள்ளங்காலில் இருக்கிறது.

மறுநாள் அவர் என்னை 6,600 அடிக்கு ஏறச் சொன்னார். அந்த வெயிலில் செஸ்னா 152 அவ்வளவு ஏறக் கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. “6,000 அடியைத் தரை என்று வைத்துக்கொள்வோம். நேற்றுச் செய்ததை அப்படியே செய்யுங்கள்” என்றார். விசையைக் குறைத்து, இடப்பக்கம் திரும்பி, உள்பக்கக் காலை அழுத்தி, எதிர்ப்பக்கம் கையைப் பிடித்து, இழுத்தேன். நெடுநேர முனகல் இல்லை. ஹாரன் வாய் திறந்த அதே கணத்தில் இடது இறக்கை எனக்குக் கீழே இல்லாமல் போயிற்று. அடிவானம் கண்ணாடியின் குறுக்கே சரிந்து தலைக்கு மேலே போனது. வயல்களும் ஒரு குளமும் முகத்துக்கு நேரே சுழன்றன. என் கை என்ன செய்தது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: யோக்கை வலப்பக்கம் முழுவதும் திருப்பி, மார்புவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை என்னிடமிருந்து பிடுங்கி மீட்டெடுத்தபோது ஒரு சுற்றுகூட முழுமையடைந்திருக்கவில்லை. உயரமானி 5,800 காட்டியது. 800 அடி போயிருந்தது. “நாம் இப்போது தரைக்கு 200 அடி கீழே இருக்கிறோம்” என்றார்.

சுழலுக்குள் என்ன நடக்கிறது

ஒரு விமானம் ஸ்பின்னில், அதாவது சுழன்றுகொண்டே கீழிறங்கும் நிலையில், விழ இரண்டு காரியங்கள் ஒருசேர நடக்க வேண்டும். இறக்கை ஸ்டால் ஆக வேண்டும். அந்த நேரத்தில் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஸ்பின் இல்லை. திரும்பும் பக்கத்து இறக்கை தாழ்கிறது. தாழும்போது காற்று அதன்மீது இன்னும் செங்குத்தான கோணத்தில் மோதுகிறது. ஏற்கெனவே எல்லை தாண்டிய கோணம் மேலும் கூடுகிறது. அதன் தூக்குவிசை இன்னும் குறைகிறது, இழுவை இன்னும் ஏறுகிறது. உயரும் இறக்கையில் கோணம் குறைவதால் அது ஓரளவு பறந்துகொண்டிருக்கிறது. இந்த வேறுபாடே சுழற்சியை ஊட்டி வளர்க்கிறது. என் கை செய்ததுபோல் தாழ்ந்த இறக்கையை எய்லெரானால் தூக்க முயன்றால், அந்தப் பக்கத்து எய்லெரான் கீழிறங்கி அங்கே கோணத்தை இன்னும் கூட்டிவிடும். நேராகப் பறக்கும்போது ஆயிரம் முறை சரியாக இருந்த திருத்தம், அங்கே ஸ்டாலை ஆழமாக்குகிறது.

என்னை அதிகம் திகைக்க வைத்தது வேகமானிதான். பயிற்றுநர் பின்னர் வேண்டுமென்றே ஸ்பின்னில் விட்டு என்னையே மீட்கச் சொன்ன நாட்களில் அதைக் கவனித்தேன். தரை முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருக்கும். முள்ளோ ஸ்டால் வேகத்தை ஒட்டியே கிடக்கும். வேகம் ஏறிக்கொண்டே போனால் அது ஸ்பின் அன்று, சுருள்பாய்ச்சல். அதற்கு மீட்பு வேறு. ஸ்பின்னுக்குச் செஸ்னாவின் கையேடு சொல்லும் மீட்பைக் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவேன்: விசையை அடியோடு குறைத்து எய்லெரான்களை நடுவில் வை, சுழற்சிக்கு எதிர்ப்பக்கப் பெடலைக் கடைசிவரை அழுத்து, அது முட்டியதும் யோக்கை முன்னுக்குச் சட்டென்று தள்ளு, சுழற்சி நிற்கும்வரை அப்படியே பிடி, நின்றதும் பெடலை நடுவுக்குக் கொண்டுவந்து பாய்ச்சலிலிருந்து மெல்ல எழும்பு. தரை கண்ணாடியை நிறைத்திருக்கும்போது யோக்கை இன்னும் தரையை நோக்கித் தள்ளுவதற்கு உடல் முழுவதும் மறுக்கும். ஒரு சுற்று ஸ்பின்னுக்கும் மீட்புக்கும் குறைந்தது 1,000 அடி ஒதுக்க வேண்டும், மீட்பு முடியும்போதும் தரைக்கு மேல் 4,000 அடி மிச்சமிருக்க வேண்டும் என்பது அந்தக் கையேட்டின் கணக்கு. 600 அடியில் திரும்பும் ஒருவருக்கு இந்த மீட்பு முறை முழுவதும் மனப்பாடமாக இருந்தும் பயனில்லை.

இந்த மீட்பையும் ஒருவர் முதலில் கண்டறிய வேண்டியிருந்தது. 1912 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளிக்கு மேல் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை விமானி ஆவ்ரோ விமானமொன்றில் ஸ்பின்னில் சிக்கினார். இழுத்துப் பார்த்தார், சுழலும் பக்கமே ரட்டரைக் கொடுத்துப் பார்த்தார், அன்றைய அறிவு அவ்வளவுதான். கடைசி முயற்சியாக எதிர்ப்பக்கம் மிதித்தார். தரைக்குச் சுமார் 50 அடி உயரத்தில் விமானம் நேரானது. இறங்கியதும் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் வேறொரு விபத்தில் அவர் இறந்துவிட்டார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். 1917இல் ஃபார்ன்பரோவில் ஃபிரடெரிக் லிண்டமன் என்ற இயற்பியலாளர் தாமே விமானம் ஓட்டக் கற்று, வேண்டுமென்றே ஸ்பின்னில் விழுந்து, சுழன்றுகொண்டே கருவிகளின் அளவுகளைக் குறித்துவந்தார். அச்சம் கணக்காக மாறியது அப்போதுதான்.

மீட்பைக் கற்பிப்பதா, நுழைவைக் கற்பிப்பதா

ஸ்பின்னை எல்லா மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடி வந்தேன். எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்கு ஸ்பின் பயிற்சி கட்டாயம் என்ற விதியை 1949இலேயே நீக்கிவிட்டார்கள். ஸ்டாலை முன்கூட்டி உணர்ந்து தவிர்ப்பதற்கே அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதும், எளிதில் ஸ்பின்னில் விழாத விமானங்களை வடிவமைக்க ஊக்குவிக்க வேண்டும் என்பதும் அதன் நோக்கம். அந்தத் திசையில் பெரும் வேலை நடந்திருக்கிறது. இறக்கையின் வெளிப்பகுதியில் மட்டும் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி அமைத்தால், உள்பகுதி ஸ்டால் ஆன பிறகும் நுனி பறந்துகொண்டிருக்கும் என்பதை நாசா ஆய்வாளர்கள் சிறு விமானங்களைக் கொண்டு காட்டினார்கள். இன்றைய சிர்ரஸ் விமானங்களின் இறக்கையில் அந்தத் தாழ்வு தொடங்கும் இடத்தை ஒரு படிபோல் நேரில் பார்க்கலாம். மறுபக்கம், 1978இல் வந்த பைப்பர் டொமாஹாக் இருக்கிறது. பயிற்றுநர்களிடம் கருத்துக் கேட்டு, ஸ்டாலையும் ஸ்பின்னையும் ஒளிக்காமல் காட்டும்படி வடிவமைக்கப்பட்ட பயிற்சி விமானம் அது. அதன் ஸ்டால் பலரை அச்சுறுத்தியது. இறக்கையின் முன்விளிம்பில் கூடுதல் பட்டைகளை ஒட்ட வேண்டியதாயிற்று. மாணவர் கற்க வேண்டும் என்பதற்காக விமானம் எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

மாமாவின் வாக்கியத்துக்குப் பிறகு என் வாதத்தை மாற்றிக்கொண்டேன். அந்த 6,600 அடி உயரத்தில் நான் கற்றது மீட்பை அன்று, நுழைவை. மூக்கு தாழ்ந்திருக்கும்போதும், வேகமானி நல்ல எண்ணைக் காட்டும்போதும், இறக்கை தன் கோணத்தின் எல்லையில் நிற்கலாம் என்பதை என் கால் அங்கேதான் ஒப்புக்கொண்டது. மட்டமாகத் திரும்பும் விமானத்தை 45 பாகை சாய்த்தால் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடும். 60 பாகைக்கு 41 விழுக்காடு. 40 நாட்டில் ஸ்டால் ஆகும் இறக்கை 56 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். இந்த அட்டவணையை மனப்பாடம் செய்து தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவன்தான் மறுவாரம் அந்தப் பெடலை அழுத்தினேன். ஆகவே, நேராகவும் மட்டமாகவும் செய்யும் ஸ்டாலோடு பயிற்சியை முடித்துவிடக் கூடாது. தனியாகப் பறக்க அனுப்புவதற்கு முன்பே, போதிய உயரத்தில், ஸ்பின்னுக்கு ஒப்புதல் பெற்ற விமானத்தில், ஃபைனலுக்குத் திரும்பும் திருப்பத்தை அப்படியே நடித்து, கால் தவறாகப் போனால் எந்த இறக்கை எப்படி மறைகிறது என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் காட்ட வேண்டும். அதோடு, கோட்டைத் தாண்டிவிட்டால் மேலேறிப் போய்விடுவது தோல்வி அன்று என்பதையும் அதே நாளில் பழக்க வேண்டும். கோட்டுக்குத் திரும்பியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இருந்ததால்தான் என் கால் அந்தப் பெடலுக்குப் போனது.

இவ்வளவையும் மாமாவிடம் சொல்லிக்கொண்டே அன்று மாலை முட்டம் கடற்கரைக்குப் போயிருந்தோம். ஒரு செம்பருந்து தென்னை மட்டையில் வந்து அமர்வதைப் பார்த்தோம். உடலை நிமிர்த்தி, வாலை விரித்து, இறக்கையின் முன்விளிம்பில் கட்டைவிரல்போல் இருக்கும் சிறு இறகுக்கொத்தைத் தூக்கி, மட்டைக்கு ஒரு சாண் உயரத்தில் பறப்பை முற்றிலும் விட்டுவிட்டு அது அமர்ந்தது. அந்தச் சிறு கொத்து, ஸ்டாலைக் கடைசி நொடிவரை தள்ளிப்போடுவதற்கென்றே பறவைக்கு அமைந்தது. மாமா அதைக் கவனித்துவிட்டு, பலத்த காற்றில் பழைய காற்றாலையின் இறக்கை ஸ்டாலுக்குள் போகும்போது அதன் இரைச்சல் மாறும், கோபுரத்துக்குக் கீழே நின்றே தன்னால் சொல்ல முடியும் என்றார். இருபது ஆண்டுகள் அந்த இரைச்சலைக் கேட்டவருக்கு அது காதிலேயே தங்கிவிட்டது.

இப்போது நானும் பயிற்றுநர். இறங்கும் திருப்பங்களில் என் பாதங்கள் பெடல்களை உரசியும் உரசாமலும் காத்திருக்கும். விடுப்பு முடிந்து அடுத்த வாரம் திரும்பியதும் ஒரு மாணவரை 6,600 அடிக்கு ஏற்ற வேண்டும். நன்றாகப் பறக்கிறார், தேர்வுகளில் முதல் மதிப்பெண் வாங்குகிறார். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது மட்டும் இடது காலைக் கொஞ்சம் கனமாக வைக்கிறார்.